எடை குறைக்கும் மருந்தோடு ஆலோசனையும் தேவையா? ஆய்வுகள் காட்டுவது

வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் எடைக்குறைப்பு ஊசியை மருத்துவர் உங்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறார். கூடவே உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனைக்கும் தவறாமல் வரவேண்டும் என்கிறார். பசியை மருந்தே அடக்கிவிடும்போது ஆலோசனைக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டுமா, இரண்டையும் சேர்த்துச் செய்தால் பலன் கூடும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டா என்பது உங்கள் கேள்வி. இத்தகைய ஆய்வுகளில் உணவு ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். ஒரே சொல்லில் "தேவை" என்றாலும் "தேவையில்லை" என்றாலும் அது உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடக்கூடும்.

முதலில் என் பதிலின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய மருந்துகளின் காலத்தில் ஆலோசனையைச் சேர்த்தபோது குறைந்த எடையே ஏறத்தாழ இரண்டு மடங்கானது. இன்றைய வலுவான மருந்துகளோடு சேர்க்கும்போது எடையில் கூடுதலாகக் கிடைப்பது சிறிதளவுதான். ஆனால் குறைகிற எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, பக்கவிளைவுகளைத் தாண்டி ஒருவர் மருந்தைத் தொடர முடிகிறதா, என்றாவது மருந்தை நிறுத்த நேர்ந்தால் என்ன ஆகும் என்ற மூன்று இடங்களில் ஆலோசனையின் பொறுப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது. ஆலோசனையின் வேலை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

வாரம் ஒருமுறை போடும் இத்தகைய ஊசிகளில் ஒன்றான செமக்ளூட்டைட் பற்றி நீங்கள் படித்திருக்கக்கூடிய எண் 2021இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்விலிருந்து வந்தது. அதில் 1,961 பேர் பங்கேற்றார்கள். 68 வாரங்களின் முடிவில் மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. பிளாசிபோ எனப்படும் மருந்தற்ற ஊசியைப் போட்டுக்கொண்டவர்களுக்கு 2.4 சதவீதம் குறைந்தது. இந்தச் செய்தியைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. இரு குழுவினருக்கும் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஆலோசனை தரப்பட்டது. நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாக உண்ணவும், வாரத்தில் 150 நிமிடம் உடலுழைப்பு செய்யவும் இரு குழுவினரும் அறிவுறுத்தப்பட்டார்கள். ஆகவே 14.9 என்பது மருந்து மட்டும் தந்த எண் அல்ல. மருந்தும் ஆலோசனையும் சேர்ந்து தந்த எண். உடல் பருமனுக்கான பெரிய மருந்து ஆய்வுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. மருந்துகளுக்கு அனுமதி வழங்கப்படும்போதும் "கலோரி குறைந்த உணவுக்கும் கூடுதல் உடலுழைப்புக்கும் துணையாக" என்றே அனுமதி தரப்படுகிறது.

இப்படி அமைந்த ஆய்வு, ஆலோசனையின்மேல் மருந்தைச் சேர்த்தால் என்ன கூடும் என்பதற்கு நல்ல விடை தரும். உங்கள் கேள்வியோ நேர்மாறானது: மருந்தின்மேல் ஆலோசனையைச் சேர்த்தால் என்ன கூடும்? அதற்கு விடை காண வேண்டுமானால் மருந்து மட்டும், ஆலோசனை மட்டும், இரண்டும் சேர்த்து என்று பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட வேண்டும். அத்தகைய ஆய்வுகள் குறைவு. அவற்றில் நான் இன்றும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் வாடனும் அவருடைய சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு.

அதில் பங்கேற்றவர்கள் 224 பேர்; மருந்து சிபுட்ராமின். முதல் குழுவினர் மருந்தை மட்டும் பெற்று, ஆண்டில் எட்டு முறை மருத்துவரைப் பத்துப் பதினைந்து நிமிடம் பார்த்தார்கள். இரண்டாம் குழுவினர் மருந்தில்லாமல் 30 குழு அமர்வுகளில் ஆலோசனை பெற்றார்கள். மூன்றாம் குழுவினருக்கு மருந்தும் அந்த 30 அமர்வுகளும் கிடைத்தன. நான்காம் குழுவினர் மருந்தோடு, அந்த எட்டுச் சந்திப்புகளிலேயே சுருக்கமான ஆலோசனையும் பெற்றார்கள். ஓராண்டு முடிவில் மருந்து மட்டும் பெற்றவர்களுக்குச் சராசரியாக 5.0 கிலோவும், ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கு 6.7 கிலோவும், மருந்தோடு சுருக்கமான ஆலோசனை பெற்றவர்களுக்கு 7.5 கிலோவும், இரண்டையும் முழுமையாகப் பெற்றவர்களுக்கு 12.1 கிலோவும் குறைந்தன. 5.0 கிலோவையும் 6.7 கிலோவையும் கூட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த 12.1 வந்து நிற்கிறது. ஒன்றின் பலனை மற்றது விழுங்கிவிடாமல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. நான்கு குழுவினருக்கும் நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 கலோரி வரையிலான ஒரே உணவுத்திட்டமும் ஒரே உடற்பயிற்சித் திட்டமும்தான் தரப்பட்டன. மருந்து மட்டும் பெற்றவர்கள் கையிலும் அந்தத் திட்டம் இருந்தது. அதை அன்றாட வாழ்க்கையில் எப்படி நடத்துவது என்று வாரந்தோறும் கூட உட்கார்ந்து பேச ஆள்தான் இல்லை. அச்சிட்ட உணவுத்தாள் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு "ஆலோசனை கொடுத்தாயிற்று" என்று எழுதிவைப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். இரண்டாவது செய்தி உணவுக் குறிப்பேட்டைப் பற்றியது. மருந்தும் முழு ஆலோசனையும் பெற்ற குழுவுக்குள்ளேயே, உண்டதை அடிக்கடி எழுதிவைத்தவர்களுக்கு 18.1 கிலோ குறைந்தது. எப்போதாவது எழுதியவர்களுக்கு 7.7 கிலோ. எழுதியதனால்தான் எடை குறைந்தது என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஊக்கம் உள்ளவர்கள் எழுதவும் செய்வார்கள், குறைத்து உண்ணவும் செய்வார்கள். ஆனாலும் ஒரே மருந்தை ஒரே அளவில் பெற்ற ஒரே குழுவுக்குள் இத்தனை இடைவெளி இருக்கிறது என்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

சிபுட்ராமின் இன்று புழக்கத்தில் இல்லை. இதய நோய் அபாயம் உள்ளவர்களிடம் நடந்த ஸ்கவுட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்து பெற்றவர்களிடம் 11.4 சதவீதமாகவும் மற்றவர்களிடம் 10.0 சதவீதமாகவும் இருந்ததைத் தொடர்ந்து 2010இல் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன் ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997இலும், ரிமோனபான்ட் மனச்சோர்வு முதலான மனநல பாதிப்புகளால் 2008இலும் விலக்கப்பட்டன. எடைக்குறைப்பு மருந்துகளை மருத்துவர்கள் நீண்டகாலம் தயக்கத்தோடு பார்த்ததற்கு இந்த வரலாறே காரணம். சிபுட்ராமின் விலக்கப்பட்டாலும் வாடன் ஆய்வின் அமைப்பு கற்றுத்தந்த பாடம் நிற்கிறது.

ஆர்லிஸ்டாட் என்ற இன்னொரு பழைய எடைக்குறைப்பு மருந்தைப் பற்றி ஒரு வரி போதும். ஸ்வீடனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நான்கு ஆண்டுகள் நடந்த ஜெண்டோஸ் ஆய்வில், ஆலோசனையோடு அந்த மருந்தும் பெற்றவர்களுக்கு 5.8 கிலோவும், ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கு 3.0 கிலோவும் குறைந்திருந்தன. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் முறையே 6.2 சதவீதம், 9.0 சதவீதம். நால்ட்ரெக்சோன், புப்ரோபியான் கூட்டு மருந்தின் ஆய்வுகள் இதைவிட நேராக உங்கள் கேள்வியைத் தொடுகின்றன. எளிய ஆலோசனையோடு அந்த மருந்தைக் கொடுத்த ஆய்வில் 6.1 சதவீதம் எடை குறைந்தது. 28 குழு அமர்வுகளோடு கொடுத்த ஆய்வில் 9.3 சதவீதம் குறைந்தது. அந்த இரண்டாவது ஆய்வில் அமர்வுகளுக்கு மட்டும் வந்து பிளாசிபோ பெற்றவர்களுக்கே 5.1 சதவீதம் குறைந்தது.

இனி புதிய மருந்துகள். ஜிஎல்பி-1 என்பது நாம் உண்டபின் குடலில் சுரக்கும் ஹார்மோன். வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோவதில் அதற்குப் பங்கு உண்டு. இயற்கையான ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். செமக்ளூட்டைட் அதைப் போலவே வேலை செய்துகொண்டு, அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்படி வடிவமைக்கப்பட்டது. லிராக்ளூட்டைட் அதற்கு மூத்தது, நாள்தோறும் போட வேண்டியது. டிர்செபடைட் ஜிஎல்பி-1 மட்டுமல்லாமல் ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் பாதையிலும் செயல்படுகிறது.

லிராக்ளூட்டைட்டில் பழைய கணக்கு இன்னும் ஓரளவு செல்லுபடியானது. வாடன் குழுவினர் 2019இல் வெளியிட்ட 150 பேர் கொண்ட ஆய்வில், ஓராண்டில் 21 தனிநபர் ஆலோசனைச் சந்திப்புகள் மட்டும் பெற்றவர்களுக்கு 6.1 சதவீதமும், அதே சந்திப்புகளோடு மருந்தும் பெற்றவர்களுக்கு 11.5 சதவீதமும் எடை குறைந்தது. மாதாந்தர அளவிலான ஆலோசனையோடு நடந்த பெரிய ஆய்வொன்றில் இதே மருந்து 8.0 சதவீதம் குறைத்திருந்தது. ஆனால் 23 ஆலோசனைச் சந்திப்புகளோடு பல மையங்களில் நடந்த வேறோர் ஆய்வில் 7.5 சதவீதமே கிடைத்தது. தேர்ந்த ஒரே மையத்தில் கைதேர்ந்த ஆலோசகர்கள் செய்துகாட்டுவதைப் பல மையங்களில் அதே தரத்தோடு செய்வது கடினம். மருந்தின் மில்லிகிராமை எல்லா இடத்திலும் ஒரே அளவாக வைக்கலாம். ஆலோசனையை அப்படி அளந்து ஊற்ற முடியாது. இதை உள்ளிருந்து பார்த்தவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

செமக்ளூட்டைட்டுக்கு வரும்போது படம் தெளிவாக மாறுகிறது. 611 பேரிடம் நடந்த ஸ்டெப் 3 ஆய்வில் முதல் எட்டு வாரங்கள் 1,000 முதல் 1,200 கலோரி வரையிலான கட்டுப்பாடான உணவும், 68 வாரங்களில் 30 ஆலோசனை அமர்வுகளும் தரப்பட்டன. மருந்து பெற்றவர்களுக்குக் குறைந்தது 16.0 சதவீதம். மாதம் ஒருமுறை ஆலோசனை பெற்ற ஸ்டெப் 1 பங்கேற்பாளர்களின் 14.9 சதவீதத்தோடு ஒப்பிட்டால் கூடுதல் ஒன்றேகால் சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பிளாசிபோ குழுவிலோ 2.4 ஆக இருந்தது 5.7 ஆக உயர்ந்தது. அதாவது அந்தத் தீவிர ஆலோசனை பயனற்றதாக இருக்கவில்லை; மருந்தில்லாதவர்களிடம் தன் வேலையைச் செய்தது. மருந்து பெற்றவர்களிடம் மட்டும் அது தராசில் பெரிதாகத் தெரியவில்லை. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் உள்ள பலவீனம் எனக்குத் தெரியும். பங்கேற்றவர்கள் வேறு, மையங்கள் வேறு. இருந்தாலும் இந்த ஒப்பீடு காட்டும் திசையை நான் நம்புகிறேன். காரணமும் புரிந்துகொள்ளக்கூடியதே. எடை குறைவதற்காக ஆலோசனை செய்து வந்த முதன்மையான வேலை, பசி இருந்தும் குறைவாக உண்ணப் பழக்குவது. பசியையே மருந்து எடுத்துவிட்ட பிறகு அந்த வேலையில் மிச்சம் அதிகமில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் எண்ணைப் பார்ப்பது நியாயம். இதய நோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் நடந்த செலக்ட் ஆய்வில் எடைக்குறைப்புக்கான ஆலோசனைத் திட்டம் எதுவும் பகுதியாக வைக்கப்படவில்லை. அதே மருந்து, அதே அளவு. இரண்டு ஆண்டு முடிவில் குறைந்த எடை 9.4 சதவீதம். அந்தப் பங்கேற்பாளர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களைவிட ஆண்களுக்கு இந்த மருந்தால் எடை குறைவது குறைவு. மேலும் அவர்கள் எடையைக் குறைக்க வந்தவர்களும் அல்லர். ஆகவே 9.4க்கும் 14.9க்கும் உள்ள இடைவெளி முழுவதையும் ஆலோசனையின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் அதில் ஆலோசனைக்கு ஒரு பங்குமே இல்லை என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. மாதம் ஒருமுறை நடக்கும் எளிய ஆலோசனைக்கும் ஆலோசனையே இல்லாததற்கும் உள்ள வேறுபாடு, எளிய ஆலோசனைக்கும் தீவிர ஆலோசனைக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதே என் கணிப்பு.

டிர்செபடைட் ஆய்வுகளில் சர்மவுண்ட் 3 வேறோர் ஒழுங்கைச் சோதித்தது. முதலில் 12 வாரங்கள் மருந்தில்லாமல் தீவிர ஆலோசனை. அதில் குறைந்தது 5 சதவீதம் எடையைக் குறைத்தவர்கள் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். அந்த 579 பேர் முதற்கட்டத்தில் 6.9 சதவீதம் குறைத்திருந்தார்கள். அடுத்த 72 வாரங்களில் மருந்து பெற்றவர்கள் மேலும் 18.4 சதவீதம் குறைத்தார்கள். பிளாசிபோ பெற்றவர்களுக்கு 2.5 சதவீதம் ஏறியது. தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் மருந்துக் குழுவுக்கு மொத்தம் ஏறத்தாழ 24 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்து வியப்பவர்கள், முதற்கட்டத்திலேயே தேறியவர்களை மட்டும் வைத்து வந்த எண் இது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

இனி தராசுக்கு அப்பால் வருகிறேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிற ஒரு சந்திப்பைச் சொன்னால் விளங்கும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். மருந்தின் அளவு கூட்டப்பட்ட நான்காம் மாதம். எடை நன்றாக இறங்கியிருந்தது, அவருக்கும் மகிழ்ச்சி. அவருடைய குறிப்பேட்டைப் புரட்டினேன். காலையில் தேநீர், இரண்டு பிஸ்கெட். மதியக் கட்டம் காலி. மாலையில் மறுபடி தேநீர். இரவில் நாலு வாய் சோறு. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் மதியக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும். "மத்தியானம் ஒண்ணுமே சாப்பிடலையா சார்?" என்றேன். "பசிச்சாத்தானே மேடம் சாப்பிட?" என்றார். பிறகு, படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பதாகவும், முன்பு அப்படி இருந்ததில்லை என்றும், எடை குறைந்த பிறகு ஏன் இப்படி என்று விளங்கவில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். எடையைக் குறித்துக்கொண்டு அனுப்பியிருந்தால் அவருடைய சிகிச்சை மிகச் சிறப்பாக நடக்கிறது என்றுதான் கோப்பில் பதிவாகியிருக்கும்.

அவர் உடலில் நடந்ததை ஆய்வுகளும் காட்டுகின்றன. ஸ்டெப் 1 பங்கேற்பாளர்களில் 140 பேரின் உடல் அமைப்பை ஸ்கேன் செய்து பார்த்தபோது கொழுப்பு 19.3 சதவீதம் குறைந்திருந்தது. கொழுப்பல்லாத உடல்நிறை 9.7 சதவீதம் குறைந்திருந்தது. குறைந்த மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாததிலிருந்து போனது. கொழுப்பல்லாத நிறை எல்லாமே தசை அல்ல. நீரும் உறுப்புகளும் அதில் அடங்கும். உடல் எடையில் கொழுப்பின் விகிதம் குறையவே செய்தது என்பதும் நல்ல செய்தியே. ஆனால் வயதானவர்களுக்கும், ஏற்கெனவே தசை குறைந்தவர்களுக்கும் இந்த இழப்பு நடையிலும் சமநிலையிலும் தெரியும். போதிய புரதம் உண்பதும், தசைக்கு வேலை தரும் பளுப் பயிற்சிகளைச் செய்வதும் இந்த இழப்பைக் கட்டுப்படுத்துவதற்கு நம்மிடம் உள்ள வழிகள். இவை இரண்டையும் மருந்து செய்யாது. சொல்லப்போனால், பசியைக் குறைப்பதன் மூலம் முதலாவதை அது கடினமாக்குகிறது. உண்பது குறைந்துபோன ஒருவர், அந்தக் குறைவான உணவுக்குள் புரதத்தை எங்கே வைப்பது, முதலில் எதை உண்பது, பசிக்காவிட்டாலும் எந்த நேரத்தில் உண்பது என்று திட்டமிட யாராவது உதவ வேண்டும். நான் சொன்னவருக்கு மதிய வேளையில் கடிகாரத்தைப் பார்த்து முட்டையோ பருப்போ மீனோ ஏதாவது ஒன்றை முதலில் உண்ணுமாறும், வாரம் இருமுறை நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியில் தொடங்குமாறும் திட்டம் வகுத்தோம். இரண்டு மாதத்தில் கைப்பிடி தேவைப்படவில்லை.

உடற்பயிற்சி தனியாகச் சேர்க்கும் பலனை மிகத் தெளிவாகக் காட்டியது கோபன்ஹேகனில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு. பங்கேற்றவர்கள் எட்டு வாரம் நாளொன்றுக்கு 800 கலோரி உணவில் சராசரியாக 13.1 கிலோ குறைத்தார்கள். பிறகு 195 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஓராண்டு தொடர்ந்தார்கள்: பிளாசிபோ, மேற்பார்வையோடு கூடிய உடற்பயிற்சி, லிராக்ளூட்டைட், இரண்டும் சேர்த்து. பிளாசிபோவோடு ஒப்பிடும்போது உடற்பயிற்சிக் குழு 4.1 கிலோவும், மருந்துக் குழு 6.8 கிலோவும், இரண்டும் பெற்ற குழு 9.5 கிலோவும் முன்னிலையில் இருந்தன. எடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, உடல் கொழுப்பின் விகிதம் இரண்டும் பெற்றவர்களிடம் தனித்தனியாகப் பெற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு குறைந்தது என்பதும், இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறனும் இதயமும் நுரையீரலும் உழைப்பைத் தாங்கும் திறனும் இந்தக் குழுவில் மட்டுமே மேம்பட்டன என்பதும்தான்.

அந்த ஆய்வு முடிந்து, மருந்தும் மேற்பார்வையும் நின்று ஓராண்டு கழித்து மறுபடி அளந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு எடை அதிகம் திரும்பியிருந்தது. உடற்பயிற்சியைப் பழகியிருந்தவர்கள் குறைத்த எடையைக் கூடுதலாகத் தக்கவைத்திருந்தார்கள். மருந்தை நிறுத்துவது பற்றிய கேள்விக்கு இது முக்கியமான தடயம்.

ஆனால் இந்த இடத்தில் ஆலோசனையைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லிவிடக் கூடாது. ஸ்டெப் 4 ஆய்வில் எல்லோரும் முதல் 20 வாரம் செமக்ளூட்டைட் எடுத்து 10.6 சதவீதம் குறைத்தார்கள். அதன்பின் தொடர்ந்தவர்களுக்கு மேலும் 7.9 சதவீதம் குறைந்தது. பிளாசிபோவுக்கு மாற்றப்பட்டவர்களுக்கு 6.9 சதவீதம் ஏறியது. டிர்செபடைட்டைக் கொண்டு நடந்த சர்மவுண்ட் 4 ஆய்விலும் அப்படியே: 36 வாரத்தில் 20.9 சதவீதம் குறைத்த பிறகு மருந்து நின்றவர்களுக்கு 14.0 சதவீதம் ஏறியது. இந்த இரண்டு ஆய்வுகளிலும் மருந்து நின்றவர்களுக்கு ஆலோசனை நிற்கவில்லை, தொடர்ந்து தரப்பட்டது. இருந்தும் எடை ஏறியது. ஸ்டெப் 1 ஆய்வு முடிந்தபின் மருந்து, ஆலோசனை இரண்டுமே நின்றுபோன 327 பேரை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. ஆகவே "சில மாதம் மருந்து எடுத்துவிட்டுப் பிறகு ஆலோசனையை வைத்தே சமாளித்துக்கொள்ளலாம்" என்று யாராவது உங்களுக்கு உறுதி சொன்னால், சராசரி மனிதருக்கு அது நடக்கவில்லை என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எடை குறைந்ததும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுகின்றன, உடல் செலவிடும் ஆற்றல் குறைகிறது. மன உறுதி குறைந்தவர்கள் என்று யாரையும் பழிக்க இதில் இடமே இல்லை. மருந்து நின்றபின் எடை திரும்பிய பலர் என்னிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பதுபோல் பேசியிருக்கிறார்கள். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியதும் அழுத்தம் ஏறினால் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

பக்கவிளைவுகளில் ஆலோசனையின் பங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவையே அதிகம் வருபவை. மருந்தின் அளவைக் கூட்டும் மாதங்களில் அவை உச்சம் தொடும். செமக்ளூட்டைட்டை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, 2.4 மில்லிகிராமுக்குப் படிப்படியாக 16 வாரங்களில் உயர்த்துவது இதற்காகத்தான். சிறுசிறு வேளைகளாக உண்பது, மெதுவாக உண்பது, வயிறு நிறைந்த முதல் அறிகுறியிலேயே நிறுத்துவது, எண்ணெய் மிகுந்த உணவைத் தவிர்ப்பது, தண்ணீரையும் நார்ச்சத்தையும் கவனித்துக்கொள்வது போன்ற எளிய மாற்றங்கள் பலரை மருந்தில் நீடிக்க வைப்பதைக் கண்டிருக்கிறேன். கடுமையான, நிற்காத வயிற்றுவலி வந்தால் ஆலோசகருக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்; கணைய அழற்சியும் பித்தப்பைக் கற்களும் அரிதாக ஏற்படக்கூடியவை.

சராசரிகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஸ்டெப் 1 ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 86.4 சதவீதத்தினர் குறைந்தது 5 சதவீத எடையைக் குறைத்தார்கள். அப்படியானால் ஏழில் ஒருவர் அளவுக்கு அதைக்கூட எட்டவில்லை. மருந்து எல்லோரிடமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. இந்தப் பெரிய ஆய்வுகளை நடத்தியவை அந்தந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனங்களே: ஸ்டெப் ஆய்வுகளை நோவோ நார்டிஸ்க்கும், சர்மவுண்ட் ஆய்வுகளை எலி லில்லியும். அதனால் முடிவுகள் பொய்யாகிவிடாது. ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதை அது தீர்மானிக்கிறது. மருந்தின்மேல் ஆலோசனை எவ்வளவு சேர்க்கிறது என்ற உங்கள் கேள்வியைப் பெரிய அளவில் ஆராய ஒரு மருந்து நிறுவனத்துக்குத் தேவை எழவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்த மருந்துகளோடு தீவிர நடத்தை ஆலோசனையையும் வழங்கலாம் என்று பரிந்துரைத்துவிட்டு, அதற்கான சான்றின் உறுதி குறைவு என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டதற்கும் காரணம் இதுவே.

இனி உங்களுக்கு. மாதம் ஒருமுறை ஆலோசனை என்பது பெரிய ஆய்வுகள் நடந்த அளவே, அதை ஏற்றுக்கொள்ளுங்கள். வாரந்தோறும் நடக்கும் தீவிரத் திட்டத்தில் சேராததால் நீங்கள் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டீர்கள். மருந்தின் அளவு கூடும் முதல் நான்கு மாதங்களில் மட்டும் சந்திப்புகளை நெருக்கமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தொலைபேசி வழியாக நடந்தாலும் போதும். அந்தச் சந்திப்புகளில் எடையைப் பற்றி மட்டும் பேசி முடித்துவிடாமல், உங்கள் வயதுக்கும் சிறுநீரக நிலைக்கும் ஏற்ற புரத அளவு என்ன, எந்தப் பளுப் பயிற்சியில் தொடங்கலாம், என்றாவது மருந்தை நிறுத்த நேர்ந்தால் திட்டம் என்ன என்ற மூன்றையும் கேளுங்கள். ஆலோசகர் உங்கள் எழுந்து உட்காரும் திறனையோ கையால் இறுகப் பற்றும் வலுவையோ தொடக்கத்திலேயே அளந்து குறித்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருக்கும். முதல் சந்திப்புக்குப் போகும்போது, ஊசியைத் தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரம் நீங்கள் உண்டதையெல்லாம் வேளைவாரியாக எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோங்கள். உண்ணாமல் விட்ட வேளைகள் இருந்தால், அந்தக் கட்டங்களையும் காலியாகவே விட்டு எடுத்துச் செல்லுங்கள்.